கட்டுவிரியனும் இருபது வருட சர்வீஸும்

கோபி, அந்தியூர் பக்கத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை நாலு மணி. தோட்டத்துச் சாளையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒருவரை, வயிற்றுவலி, வாந்தி என்று பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவருகிறார்கள். உடம்பில் எங்கும் வீக்கம் இல்லை, கடிவாய் தெரியவில்லை. "ராத்திரி கடைப் புரோட்டா தின்னாருங்க சிஸ்டர், அதுதான் சேரலையாட்ட இருக்குதுங்க" என்கிறார் மனைவி.

டியூட்டியில் இருக்கும் சிஸ்டருக்கு இருபது வருட சர்வீஸ். பாம்புக்கடி கேஸ் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அவர் பார்த்ததில் பெரும்பாலானவை கண்ணாடிவிரியன் கடி. கால் வீங்கிக் கன்றிப்போகும், ஈறில் ரத்தம் கசியும். கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தால், உறையாமல் தண்ணீராக ஓடும். எதற்கும் இருக்கட்டும் என்று இவருக்கும் அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். ரத்தம் ஒழுங்காக உறைந்திருக்கிறது. டியூட்டி டாக்டரிடம் அதைச் சொல்கிறார், பாம்பு என்ற பேச்சு அத்தோடு முடிகிறது. வயிற்றுவலிக்கு ஊசி. ஐந்தரை மணிக்கு நோயாளியின் இரண்டு கண்ணிமைகளும் தொங்குகின்றன, தூக்கக் கலக்கம் போல. ஆறு மணிக்கு எச்சில் விழுங்க முடியவில்லை.

கடித்தது கட்டுவிரியன். இந்தப் பாம்பு இரவில் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. பல்தடம் கொசுக்கடி அளவுக்குக்கூடத் தெரியாமல் போகலாம், வலியும் வீக்கமும் அநேகமாக இருக்காது. இதன் விஷத்துக்கு ரத்தத்தோடு வேலையில்லை. நரம்பு நுனி தசைக்குச் செய்தி சொல்லும் இடத்தில் போய் உட்கார்ந்து, அந்த நுனியையே சிதைக்கிறது. முதலில் கண்ணிமை, பிறகு தொண்டை, கடைசியாக மூச்சுக்கான தசைகள். ஆகவே 20 நிமிடச் சோதனையில் ரத்தம் உறைந்தால் கண்ணாடிவிரியன் விஷம் ரத்தத்தைத் தாக்கவில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். கட்டுவிரியனைப் பற்றி அந்தக் குழாய்க்கு எதுவும் தெரியாது.

இந்த சிஸ்டர் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவர் தடுக்கிய இடம் மருத்துவ உலகம் நன்றாக அறிந்த இடம். அவரிடம் அனுபவம் குறைவாக இல்லை. இருந்த அனுபவம் முழுக்க ஒரே பக்கமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பாடப்புத்தகத்தை நினைத்துக்கொண்டு கண்ணிமையைப் பார்த்திருக்கக்கூடும். இவர் பார்க்கவில்லை, ஏனென்றால் இவருக்குத் தெரியும்.

சர்வீஸ் ஏற ஏறத் திறமையும் ஏறும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். சம்பளப் படிநிலையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. 2005-ல் சௌத்ரி, ஃப்ளெட்சர், சௌமெராய் என்ற மூன்று ஆய்வாளர்கள், டாக்டர்களின் அனுபவ ஆண்டுகளையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, ஆண்டுகள் கூடக் கூடத் தரம் குறைந்தது என்றே சொல்லின. மூத்தவர்கள் எல்லாம் மோசம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வருடம் என்பது தன்னளவில் எதையும் கற்றுத்தருவதில்லை என்பது மட்டும் உறுதி.

நர்ஸ்கள் எப்படித் தேர்ச்சி பெறுகிறார்கள் என்று 1984-ல் எழுதிய அமெரிக்க நர்ஸ் பட்ரீஷியா பென்னரும் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். புதியவரில் தொடங்கி வல்லுநர் வரை ஐந்து படிகளை அவர் பிரித்துக் காட்டியது நர்சிங் கல்லூரிகளில் எல்லோருக்கும் பாடம். அந்தப் புத்தகத்தில் என்னைப் பொறுத்தவரை முக்கியமான இடம் வேறு. நாள் கழிவதை அவர் அனுபவமாகக் கணக்கிடவில்லை. நாம் ஏற்கனவே வைத்திருந்த ஓர் எண்ணம் நோயாளியின் முன்னால் திருத்தப்பட்டால்தான் அது அனுபவம். அப்படியானால், எண்ணம் திருத்தப்படாத இருபது வருடத்தை என்னவென்று அழைப்பது?

திருத்தம் எப்படி நடக்கிறது என்பதற்கு மூளையிலேயே ஒரு தடயம் உண்டு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் நரம்பணுக்களை அளந்தபோது, பழரசம் கிடைக்கும் நேரமெல்லாம் அவை துடிப்பதில்லை என்று கண்டார். எதிர்பாராமல் கிடைத்தால் துடித்தன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் சும்மா இருந்தன. எதிர்பார்த்துக் கிடைக்காமல் போனால் வழக்கத்தைவிட அடங்கின. 1997-ல் அவரும் டயானும் மாண்டெகுவும் இதற்குத் தந்த விளக்கம் இன்று கற்றல் ஆய்வின் அடித்தளங்களில் ஒன்று: எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் கற்றலைத் தள்ளிவிடுகிறது. ஆக, கற்பதற்கு இரண்டு பொருள் வேண்டும். முன்பே ஓர் எதிர்பார்ப்பு, பின்பு ஒரு விடை.

நம் வார்டுகளில் விடைதான் வருவதில்லை. அந்தக் கட்டுவிரியன் நோயாளியை ஆறரை மணிக்கு 108-ல் ஏற்றிப் பெருந்துறைக்கோ ஈரோட்டுக்கோ அனுப்பிவிடுவார்கள். எட்டு மணிக்கு டியூட்டி மாறும். அங்கே அவர் நாட்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்து எழலாம். கட்டுவிரியன் கடியில் மூச்சைத் தாங்கிப் பிடித்துவிட்டால், நரம்பு நுனிகள் மெல்ல மெல்லத் திரும்பி வளர்ந்துவிடும். அல்லது வழியிலேயே மூச்சு நின்றிருக்கலாம். எதுவானாலும் இந்த சிஸ்டருக்குத் தகவல் வராது. கண்ணிமை தொங்கியதைக் கவனிக்காமலே அனுப்பியிருந்தால், அது பாம்பு என்பதே அவருக்கு எந்நாளும் தெரிந்திருக்காது. ஒரு வயிற்றுவலி கேஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது, அவ்வளவே. கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஒன்றில் வார்ப்பு ஊற்றுகிறவருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அச்சைத் தட்டி உடைத்ததும் உள்ளே காற்றுக்குழி விழுந்திருக்கிறதா என்று கண்ணெதிரே தெரிந்துவிடும், மணலில் ஈரம் கூடியதா, உலோகத்தில் சூடு போதவில்லையா என்று அன்றைக்கே சண்டையும் நடந்துவிடும். ஊற்றிய வார்ப்பை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, உடைத்துப் பார்த்த சேதி ஒருநாளும் திரும்பி வராமல் இருந்தால் அவர் கை தேறியிருக்குமா?

விடை வந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. விடை தெரிந்த பிறகு நம் ஞாபகம் நேர்மையாக இருப்பதில்லை. 1975-ல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் செய்த ஒரு சோதனை வேடிக்கையானது. 1814-ல் ஆங்கிலேயருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிச் சில பத்திகளைப் படிக்கக் கொடுத்தார். சிலரிடம் ஆங்கிலேயர் வென்றார்கள் என்றார், சிலரிடம் கூர்க்காக்கள் என்றார், சிலரிடம் முடிவே சொல்லவில்லை. முடிவு தெரியாதது போல நினைத்துக்கொண்டு, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மதிப்பிடச் சொன்னார். எந்த முடிவைச் சொல்லியிருந்தாரோ அதுவே பெரும்பாலும் நடந்திருக்கும் என்று அவரவருக்குத் தோன்றியது. முடிவு தம்மை இழுத்தது என்பதை அவர்கள் உணரவும் இல்லை. "எனக்கு அப்பவே தெரியும்" என்கிற வசனத்தின் உள்கட்டமைப்பு இதுதான். வார்டிலும் பள்ளியிலும் மூத்தவர்கள் இதைச் சொல்லும்போது பொய் சொல்வதில்லை. அப்படியே நினைவிருக்கிறது அவர்களுக்கு.

நடந்ததை முறையாகத் திரும்பிப் பார்ப்பது என்று இன்று நர்சிங் படிப்பில் சொல்லப்படும் பழக்கம் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கத்தான் வந்தது. அதன் வேர் ஆஸ்பத்திரியில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 1970-ல் டெர்ரி போர்டன் என்ற பிலடெல்பியா ஆசிரியர் மூன்று கேள்விகளை எழுதினார்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன? நர்சிங் மாணவிகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் கிப்ஸ் சுழற்சியின் ஆறு படிகளும் (நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், காரணம், முடிவு, அடுத்த திட்டம்) ஆக்ஸ்போர்டு பாலிடெக்னிக்கில் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் கற்பிக்கிறவர்களுக்காக எழுதியவை. ஆசிரியர்களுக்குத் தைத்த சட்டையை நர்ஸ்கள்தான் அதிகம் போட்டுக்கொண்டார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால் ஜான் டூயி நிற்கிறார். எல்லா அனுபவமும் கல்வி ஆகாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதையே தடுத்துவிடும் என்று 1938-ல் அவர் எச்சரித்தார்.

அதற்கு முந்தைய வருடம்தான் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டில் ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. கைத்தொழில் வழியாகவே பாடம் என்பது அதன் சாரம். கொங்கு நாட்டில் இந்தச் சிந்தனைக்கு ஒரு வீடு இருந்தது. தி. சு. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம், பின்னாளில் பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றியது. அங்கே தலைமையாசிரியராக இருந்தவர் பெரியசாமித் தூரன். அவரைப் பாட்டுக்காகவும் கலைக்களஞ்சியத்துக்காகவும் தமிழுலகம் நினைக்கிறது. அவர் 'குழந்தை உள்ளம்', 'அடிமனம்' என்று உளவியலை எளிய தமிழில் எழுதியதைப் பலர் மறந்துவிட்டார்கள். பிள்ளைகளோடு நாள்முழுக்க இருந்த ஒரு பள்ளி ஆசிரியர், அவர்கள் மனது எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து எழுதினார். இதைவிட நல்ல உதாரணத்துக்கு நாம் ஆக்ஸ்போர்டு வரை போக வேண்டியதில்லை.

இன்னொரு வீடு பீளமேட்டில் இருக்கிறது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஃபைமர் அமைப்போடு இணைந்து, பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007-ல் ஒரு வட்டாரப் பயிற்சி மையம் தொடங்கியது. மருத்துவம் கற்பிக்கிறவர்களுக்குக் கற்பிக்கும் இடம் அது. இரண்டு வருடப் பயிற்சி. வகுப்பில் கேட்டுவிட்டுப் போனால் முடியாது. தன் கல்லூரியில் ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று திரும்பி வந்து சக ஆசிரியர்கள் முன்னால் வைக்க வேண்டும். 2019-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது மாணவர்களின் பதிவேட்டிலும் போர்டனின் அந்த மூன்று கேள்விகள் ஏறின. போர்டனின் ஊரிலிருந்தே ஃபைமரும் வந்தது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

வகுப்பறைக்குப் போவோம். டீச்சர் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை நடத்தி முடித்து, "புரிஞ்சுதா?" என்கிறார். "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று வகுப்பே கோரஸ் பாடுகிறது. இந்த விடைக்கு மதிப்பு பூஜ்யம். அவர் அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போனால், வருடாவருடம் அதே பாடத்தை அதே மாதிரி நடத்தி, "நான் நடத்தினா பசங்களுக்குப் புரியும்" என்ற உறுதியோடு ஓய்வுபெறலாம்.

அவரே ஒரு கணக்கைத் தந்து நோட்டுகளை வாங்கிப் பார்க்கிறார் என்று கொள்ளுங்கள். 403-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். விடை 225. நாலைந்து பேர் 375 என்று எழுதியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போகலாம். சற்று நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். எட்டில் மூன்று போனால் ஐந்து, ஏழில் பூஜ்யம் போனால் ஏழு, நாலில் ஒன்று போனால் மூன்று. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறார்கள். மேலே எது, கீழே எது என்று பார்க்கவில்லை. அது கவனமின்மை இல்லை, ஒரு விதி. தப்பான விதியை வெகு கவனமாகப் பின்பற்றியிருக்கிறார்கள். பிரௌனும் பர்ட்டனும் 1978-ல் குழந்தைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, பிழைகளில் பல இப்படி ஒழுங்கான விதிகளாகவே இருப்பதைக் காட்டினார்கள். அந்த விதி எங்கிருந்து வந்தது? "சின்னதுல இருந்து பெருசக் கழிக்க முடியாது" என்று இரண்டாம் வகுப்பில் நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். டீச்சருக்கு இங்கே கிடைப்பது தன் பாடத்தைப் பற்றிய விடை. அடுத்த வருடம் அந்த வாக்கியத்தை அவர் வேறு மாதிரி சொல்வார்.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து டைரி எழுதியே சாதித்துவிடலாமா? இங்கே எனக்குச் சந்தேகம் உண்டு. டாக்டர்கள் தம்மைத் தாமே எவ்வளவு சரியாக மதிப்பிடுகிறார்கள் என்று 2006-ல் டேவ் டேவிஸ் குழு தொகுத்தது. வெளியார் மதிப்பீட்டோடு செய்த 20 ஒப்பீடுகளில் 13-ல் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழ். தன்னைத் தானே பார்க்கும் கண்ணாடி கலங்கலானது. கூட இன்னொருவர் வேண்டும்.

கூடிப் பேசினால் பலன் இருக்கிறதா என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. ஒரு வேலை முடிந்தவுடன் கூடி அலசும் பழக்கத்தைப் பற்றிய ஆய்வுகளை டானன்பாமும் செராசோலியும் 2013-ல் தொகுத்தபோது, அப்படி அலசியவர்களின் செயல்திறன் மற்றவர்களைவிடச் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் கூடியிருந்தது. எதை அலசுவது என்பதில் இன்னொரு ஆச்சரியம். ஷ்முவேல் எல்லிஸும் இன்பார் டேவிடியும் 2005-ல் இஸ்ரேலிய ராணுவ வீரர்களின் வழிகண்டறியும் பயிற்சியை ஆராய்ந்தார்கள். தவறுகளை மட்டும் அலசிய குழுவைவிட, சரியாகச் செய்ததையும் சேர்த்து அலசிய குழு அதிகம் முன்னேறியது. நம் ஊரில் எதுவும் சரியாக நடந்தால் யாரும் கூட்டம் போடுவதில்லை. "எதுக்கு, நல்லாத்தானே போச்சு" என்று கலைந்துவிடுவோம். கண்ணிமையைப் பார்த்துக் கட்டுவிரியனைக் கண்டுபிடித்த சிஸ்டரிடம், அன்றைக்கு எது உங்களை அங்கே பார்க்கவைத்தது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

கூட்டம் போட்டாலும் வாய் திறக்க வேண்டும். ஏமி எட்மண்ட்சன் 1990-களில் இரண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் எட்டு வார்டுகளில் மருந்துப் பிழைகளை எண்ணினார். நல்ல தலைமை உள்ள, ஒற்றுமையான வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, அங்கேதான் பிழை அதிகம் பதிவாகியிருந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த வார்டுகளில் பிழையைச் சொல்லப் பயமில்லை. மற்ற வார்டுகளில் பிழை நடந்தது, சொல்லப்படவில்லை. பிழையே பதிவாகாத வார்டைப் பாராட்டும் நிர்வாகத்துக்கு இந்த 1996-ம் ஆண்டுக் கட்டுரையை யாராவது படித்துக்காட்டலாம். மெமோ கொடுக்கும் கையிலேயே நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் குறிப்பேட்டையும் நீட்டினால், வருவது அறிக்கையாக இருக்கும், உண்மையாக இருக்காது.

கல்லூரிகளில் இந்தக் குறிப்பேட்டுக்கு மார்க் போடுவதும் அதே கதைதான். "இந்த அனுபவத்தின் மூலம் நோயாளியிடம் அன்பாகப் பேசக் கற்றுக்கொண்டேன்" என்ற வரியைச் சீனியர் நோட்டிலிருந்து எடுத்து ஜூனியர் எழுதுவார், அதற்குப் பத்துக்கு எட்டு. மார்க் போடாவிட்டால் மாணவர்கள் எழுதவே மாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்து, என்ன எழுதினார் என்பதற்கு எண் போடாமல், ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பித் தருவது இதற்கு நடுவழி. ஆறு படிகளையும் நிரப்பச் சொல்வதைவிட, நோயாளியைப் பார்த்ததும் முதலில் என்ன நினைத்தாய் என்பதை, விடை தெரிவதற்கு முன்னால், கேஸ் ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதவைத்தால் போதும் என்பது என் கட்சி. 'எனக்கு அப்பவே தெரியும்' என்று ஞாபகம் சொல்லும்போது அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும்.

புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. ஆசிரியர்களுக்குக் குறுவள மையக் கூட்டம் இருக்கிறது. சுற்றறிக்கை வாசிக்கும் நேரத்தில் பாதியைக் கொடுத்து, நாலு தப்பான கழித்தல் நோட்டுகளை மேசையில் போட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நர்ஸ்களுக்கு ஒவ்வொரு டியூட்டி மாற்றத்திலும் ஹேண்டோவர் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கேஸ் என்ன ஆயிற்று என்று வாரம் ஒருமுறை போன் போட்டுக் கேட்டு, ஹேண்டோவரில் இரண்டு நிமிடம் சொல்லலாம். பேர் சொல்லத் தேவையில்லை, வயதும் நோயும் முடிவும் போதும். நேரமில்லை என்பார்கள். இரவு டியூட்டியில் ஆள் பற்றாக்குறை என்பது உண்மைதான். ஆனால் அந்த போனை யார் போடுவது என்று எந்த டியூட்டி லிஸ்ட்டிலும் எழுதப்படாததுதான் முதல் தடை. தாலுகா ஆஸ்பத்திரி கேட்பதா, நோயாளியை வாங்கிக்கொண்ட ஐ.சி.யூ. சொல்வதா? என்னைக் கேட்டால், வாங்கிக்கொண்டவர்கள்தான் சொல்ல வேண்டும். விடை அவர்கள் கையில் இருக்கிறது.